என்னைப் பஸ் ஏற்றிவிட ஒரு ஆள்

தெருக்களைப் பயமில்லாமல் நடக்கிற இடமாக மாற்றுவதும், இளம்பிள்ளைகளைத் தலைவர்களாக்குவதும்தான் எங்கள் தொண்டு நிறுவனத்தின் வேலை. ராஜபாளையத்துக்கு நான்தான் ஒருங்கிணைப்பாளர். இதைச் சொன்னதும் நான் கையில் டார்ச்சோடு இருட்டுச் சந்துகளில் புகுந்து வருகிறவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எனக்கு இருட்டு ஆகாது. நாய் அதைவிட ஆகாது. நாய்க்குப் பேர்போன ஊரில் வேலை பார்த்துக்கொண்டு, நாய்க்குட்டியைக் கண்டால்கூட எதிர் ஓரத்துக்குப் போய்விடுகிறவள் நான்.

வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்தில். தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். சாயங்காலம் நான் வந்து இறங்கும்போது என் கணவர் ஸ்கூட்டரோடு பஸ் ஸ்டாண்டு வாசலில் நிற்பார். அங்கிருந்து வீட்டுக்கு நடந்தே போய்விடலாம், ஊரில் எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள். ஆனால் நடுவில் ஒரு சந்து இருக்கிறது, அந்தச் சந்தில் இரண்டு நாய்கள் இருக்கின்றன. "என்ன, ராஜபாளையம் இன்னிக்குப் பத்திரமா இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் அவர் வண்டியைக் கிளப்புவார். நான் பதில் சொல்லாமல் ஏறி உட்கார்ந்துகொள்வேன். பதில் சொன்னால் பாதி வழியில் இறக்கிவிட்டுவிட்டால் என்ன செய்வது?

ராஜபாளையத்தில் நான் வேலை செய்த தெரு, பஞ்சாலைத் தொழிலாளர்கள் நிறைந்த தெரு. அங்கிருந்து மெயின் ரோட்டுக்கு வர ஒரே பாதைதான். நடுவில் ஒரு மூடிக் கிடக்கிற பஞ்சுக் குடோன், அதை ஒட்டி ஒரு திருப்பம், திருப்பத்தில் பல்பு எரியாத ஒரு விளக்குக் கம்பம். மெயின் ரோட்டை அடைந்துவிட்டால் விளையாட்டு மைதானம், அதற்கு எதிரில் பஸ் ஸ்டாப். சனிக்கிழமைகளில் தெருவின் சமுதாயக் கூடத்தில் பெண்பிள்ளைகளைக் கூட்டி நான் வகுப்பு நடத்துவேன். தலைமைப் பண்பு, தன்னம்பிக்கை, பொது இடம் நமது உரிமை என்று தொண்டை வறளப் பேசுவேன்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். பாஸ்கட்பால் ஆடுகிறவள். ராஜபாளையத்தில் பந்தைத் தொடாதவர்கள்கூட பாஸ்கட்பால் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள், இவள் தொட்டவள், அதனால் பேசமாட்டாள். தினமும் சாயங்காலம் மைதானத்தில் பயிற்சி, இருட்டிய பிறகு அதே குடோன் திருப்பம் வழியாக வீடு. சீக்கிரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் மாவட்ட அணிக்கான தேர்வு நடக்கவிருந்தது. அதில் தேறினால் விளையாட்டு இடஒதுக்கீட்டில் கல்லூரி, விடுதி, சாப்பாடு எல்லாம் கிடைக்கும் என்று கோச் சொல்லியிருந்தார். தேறாவிட்டால் அவளுக்கு மில்தான். இதையெல்லாம் அவள் என்னிடம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, அழாமல், ஷூ லேசைக் கட்டிக்கொண்டு போனாள். நான் அதைக் கெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாலே போதுமாயிருந்தது. ஆனால் நான் உதவி செய்யக் கிளம்பினேன்.

மதுரையில் எங்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்திருந்தார்கள். தெருவின் படத்தைக் காகிதத்தில் அல்ல, தெருவிலேயே கோலப்பொடியால் வரைய வேண்டும். பிள்ளைகளே வரைய வேண்டும். பயமில்லாத இடத்துக்குப் பச்சைப் பொடி, பயமான இடத்துக்குச் சிவப்புப் பொடி. எங்களைப் போன்றவர்கள் வாயை மூடிக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டும் என்பதும் பயிற்சியில் உண்டாம். அந்தப் பகுதி நடந்தபோது நான் டீ குடிக்கப் போயிருந்தேன் போலிருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சமுதாயக் கூடத்து வாசலில் படம் வரையத் தொடங்கினோம். தெரு வந்தது, பம்பு செட்டு வந்தது, ரேஷன் கடை வந்தது. குடோன் திருப்பம் வந்தபோது இந்தப் பாஸ்கட்பால் பிள்ளை சிவப்புப் பொடியில் ஒரு சிட்டிகை எடுத்து வைத்தாள். சாம்பாருக்குப் பெருங்காயம் போடுகிற அளவுதான்.

"அவ்வளவுதானா?" என்றேன்.

"லைட்டு எரியாதுக்கா. மத்தபடி அங்க ஒண்ணுமில்ல."

எனக்கு அது போதவில்லை. பயத்தை வெளியே சொல்ல வெட்கப்படக் கூடாது, சொல்லாத பயம்தான் நம்மை வீட்டுக்குள் பூட்டிவைக்கிறது என்று நடுத்தெருவில் ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். அதோடு விட்டேனா? பாக்கெட்டை அவள் கையிலிருந்து வாங்கி நானே கவிழ்த்தேன். படத்தில் திருப்பம் முழுக்கச் சிவப்பு, குடோன் சுவரோரமெல்லாம் சிவப்பு. ஒரு சின்னப்பிள்ளை வந்து பார்த்துவிட்டு, "அங்க யாரையும் வெட்டிட்டாங்களாக்கா?" என்று கேட்டது. இவ்வளவு அழுத்தமாகச் சொல்லியிருக்கிறோமே என்று எனக்குப் பெருமைதான் வந்தது.

கவுன்சிலர் வந்து பார்ப்பார், பார்த்து வெட்கப்பட்டு விளக்குப் போடுவார் என்பது என் திட்டம். அவர் அன்றைக்கு ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டார். வந்து பார்த்தவர்கள் அப்பாமார்கள். கறி வாங்கிய பையும் கையுமாக வந்து நின்று, படத்தைச் சுற்றி நடந்து, சிவப்பைப் பார்த்தார்கள். ஒருவர் போனில் படம் எடுத்துத் தெருவின் வாட்ஸப் குழுவில் போட்டார். நான் அவருக்கு நன்றி வேறு சொன்னேன்.

மறுநாள் சாயங்காலம் அந்தப் பிள்ளை பயிற்சிக்குப் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. ட்யூஷனுக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகளும் நின்றுவிட்டார்கள். அந்தச் சனிக்கிழமை சமுதாயக் கூடத்தில் நானும் விரித்துவைத்த பாய்களும்தான் இருந்தோம். வெளியே யாரோ வீட்டு வாசல் கழுவிய தண்ணீர் மிச்சமிருந்த என் சிவப்புப் பொடியைக் கரைத்து ஓட்டிக்கொண்டிருந்தது.

அவள் அப்பாவைப் பார்த்துப் பேசிவிடலாம் என்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவருக்கு மில்லில் ஷிப்டு வேலை. அதிர்ந்து பேசாத மனிதர். பாயைத் தட்டிப் போட்டு உட்காரச் சொல்லி, கடையிலிருந்து குடிக்கக் கலர் சோடா வாங்கிவரச் செய்து, நான் ஒரு வாய் குடிக்கிறவரைக்கும் காத்திருந்தார். நான் ஆரம்பித்தேன். பெண் கல்வி, விளையாட்டின் பயன், அரசியல் சட்டம் என்று ஒன்றையும் விடவில்லை. அவர் முழுவதையும் கேட்டார்.

"நீங்க சொல்லித்தான மேடம் எனக்கே தெரிஞ்சது" என்றார் கடைசியில். "இம்புட்டு நாளும் அத நல்ல பாதைன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

சமாளித்துக்கொண்டு, உங்கள் மனைவியும் வேலை முடிந்து இருட்டிய பிறகு அதே வழியில்தானே வருகிறார் என்று கேட்டேன். அந்தம்மா சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி மடிக்கிற வேலைக்குப் போய்வருகிறவர். "அவ பழகுனவ" என்றார். நடக்கவே விடாமல் மகள் எப்படிப் பழகுவாள் என்று நான் அடுத்துக் கேட்க வாயைத் திறந்தபோது என் போன் அடித்தது. என் கணவர். எந்த பஸ்ஸில் வருகிறாய், ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்து நிற்கவா என்று கேட்டார். அவர் குரல் சாதாரணமாகவே ஊருக்குக் கேட்கும்.

போனை வைத்ததும் அந்த மனிதர் தலையாட்டினார். "சார் செய்யுததுதான் சரி. நம்ம வீட்டுப் பொம்பளைக்கு நாமதான துணை" என்றார். கதவோரத்தில் நின்ற அவர் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொது இடம் நமது உரிமை என்று சனிக்கிழமைதோறும் கத்தியவள் நான்தான். கலரைக் குடித்து முடித்தேன். வேறு என்ன செய்ய?

வெளியே வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. வீட்டுக்கு வந்த பெண்பிள்ளையை அந்த நேரத்தில் தனியே அனுப்புவது அந்தத் தெருவில் மரியாதை இல்லை. அதனால் அவரே சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு வந்தார், மகளும் பின்னாலேயே வந்தாள். குடோன் திருப்பத்தில் ஒரு நாய் எழுந்து நின்று சோம்பல் முறித்தது. குரைக்கவில்லை, முறித்தது, அவ்வளவுதான். நான் அவருக்குப் பின்னால் ஒதுங்கி, அந்தப் பிள்ளையின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவள் நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அதட்டினாள், அது மறுபடியும் படுத்துக்கொண்டது. பஸ் வரும்வரை அப்பாவும் மகளும் நின்றுவிட்டுத்தான் போனார்கள்.

இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கூடம் விட்டதும் அவள் என் அலுவலகத்துக்கு வந்தாள். நகராட்சிக்கு நான் எழுதிக்கொண்டிருந்த மனுவைக் காட்டினேன். அவள் அதை வாங்கிப் படிக்கக்கூட இல்லை.

"அக்கா, நீங்க பயந்தாப் போதும்" என்றாள்.

புரியவில்லை என்றேன். மெதுவாக, சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னாள். நான் தினமும் சாயங்காலம் தெருவுக்கு வர வேண்டும், சமுதாயக் கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிறேன் என்று உட்கார வேண்டும். விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் வீட்டு வாசலில் போய் நின்று, திருப்பத்தைத் தாண்டப் பயமாயிருக்கிறது, பஸ் ஏற்றிவிட ஆள் வேண்டும் என்று கேட்க வேண்டும். அப்பா ஷிப்டில் இருப்பார், இல்லாவிட்டால் அசதியில் இருப்பார். துணை கேட்டு வந்தவளை முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. மகளைத்தான் அனுப்புவார். பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் மைதானம்.

அதெல்லாம் சரி, நீ திரும்பித் தனியாகத்தானே வர வேண்டும், அதற்கு மட்டும் விடுவாரா என்று கேட்டேன். "துணைக்குப் போன ஆளுக்கு யாருக்கா துணை அனுப்புவா?" என்றாள். யோசித்துப் பார்த்தால் உண்மைதான். தனக்காகப் போனால் அவளுக்குக் காவல் வேண்டும். அடுத்தவருக்காகப் போனால் வேண்டாம். இத்தனை பயிற்சிக்குப் போயும் இந்த ஓட்டை என் கண்ணில் பட்டதே இல்லை.

நான் கொஞ்சம் முறுக்கிக்கொண்டேன். பெண்கள் பயப்படக் கூடாது என்று சொல்கிற நிறுவனத்தில் இருந்துகொண்டு பயந்தவளாக நடிக்க என்னால் முடியாது, எனக்கு அதெல்லாம் வராது என்றேன்.

"நடிக்க எதுக்குக்கா? நல்லாத்தான பயப்படுதிய" என்றாள்.

அப்படித்தான் என் மானம் கப்பலேறியது. முதல் நாள் அவள் அப்பாவிடம் வாசலில் நின்று நான் துணை கேட்டபோது எனக்கு நாக்கு குழறியது. அது நடிப்பென்று நான் சொல்லிக்கொள்ளலாம். "ஏட்டி, செத்த நேரம் மேடத்தோட போயி பஸ் ஏத்திவிட்டுட்டு வா" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார் அவர். அவள் வந்தபோது காலில் ஷூ இருந்தது. தோளில் பை இருந்தது. அவர் இரண்டையும் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார்.

அதிலிருந்து தினமும் இதே கதைதான். என்னை பஸ்ஸில் உட்காரவைத்துவிட்டு அவள் என் கணவருக்குப் போன் செய்வாள்: "சார், அக்கா ஏறியாச்சு." அவர் இந்தப் பக்கம் வந்து நின்று இறக்கிக்கொள்வார். கண்ணாடிச் சாமான் இருக்கிற பார்சல்போல நான் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியே பார்ப்பேன். அவள் ரோட்டைக் கடந்து மைதானத்துக்குள் ஓடிக்கொண்டிருப்பாள்.

தெருவில் பேச்சு வராமல் இல்லை. சிவப்புப் போட்ட இடமென்று தெரிந்தும் பொண்ணை அனுப்புகிறான் பார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "அந்த ஆபீஸ் மேடம் பயந்த சுபாவம், என்ன செய்ய?" என்று அவள் அப்பா பதில் சொன்னாராம். டீக்கடை வரைக்கும் அது பரவிவிட்டது. நான் திருப்பத்தில் வந்தால் டீக்கடைக்காரர் நாயை விரட்டிவைப்பார். தையல்கடை அக்கா, "பயப்படாம போங்க, நாங்க இருக்கோம்ல" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி ஆறுதல் சொல்வார். முப்பது வயதில் இப்படி ஒரு பெயர் வந்திருந்தால் ஊரை விட்டே போயிருப்பேன். நாற்பதைத் தாண்டினால் தோல் தடித்துவிடுகிறது.

நடுவில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி பார்வையிட வந்தார். எங்கள் பக்கம் வருகிறவர்கள் பாதுகாப்பைப் பற்றி இரண்டு கேள்வியும், பால்கோவா எந்தக் கடையில் வாங்கலாம் என்று நான்கு கேள்வியும் கேட்பார்கள். அவர் சாயங்காலம் நானும் அவளும் குடோன் ஓரமாக நடந்து வருவதைத் தூரத்திலிருந்து போட்டோ எடுத்தார். ஆண்டறிக்கையில் அது வந்தது. மாணவியைத் தினமும் தானே பாதுகாப்பாக அழைத்துச் செல்லும் ஒருங்கிணைப்பாளர் என்று கீழே எழுதியிருந்தது. மறுப்பு எழுதலாமா என்று யோசித்தேன். படத்தில் நான் நன்றாக இருந்தேன், அதனால் விட்டுவிட்டேன். அவள் அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சிரித்தாள்.

தேர்வு நாள் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் என் ஊர் என்பதால் நான் முன்னாலேயே போய் மைதானத்து வேப்பமர நிழலில் உட்கார்ந்துகொண்டேன். பத்து மணி வாக்கில் பார்த்தால் அவள் அப்பா வருகிறார். ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். என் பக்கத்தில் உட்காராமல் கொஞ்சம் தள்ளி நின்றார். அவள் ஆட ஆரம்பித்ததும் நின்ற இடத்திலிருந்து மெல்ல மெல்லக் கோட்டுக்குப் பக்கத்தில் போய்விட்டார். எனக்கு அந்த ஆட்டத்தில் ஒன்றும் புரியாது. பந்து வளையத்தில் விழுந்தால் கைதட்டுவேன். எதிரணி போட்டதற்கும் தட்டிவிட்டேன், பக்கத்திலிருந்தவர்கள் முறைத்தார்கள்.

தேறியவர்கள் பட்டியலில் அவள் பெயரைப் படித்தபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"பஸ் ஏத்திவிடப் போற பிள்ளைக்கு ஷூ எதுக்குன்னு எனக்குத் தெரியாமலா மேடம் இருக்கும்?" என்றார். "எனக்கும் ஊருக்குச் சொல்ல ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. அத நீங்க குடுத்திய."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாள் அவரை ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்துக் கூச்சப்பட்டிருந்தேன். மூன்று பேரும் ஒரே நாடகத்தில்தான் இருந்திருக்கிறோம், நான்தான் அவரைப் பார்வையாளர் என்று நம்பியிருக்கிறேன்.

ஜூனில் அவள் வெளியூர்க் கல்லூரி விடுதிக்குப் போனாள். அதே மாதத்தில் கவுன்சிலரும் ஒருவழியாக வந்து குடோன் திருப்பத்தில் வெள்ளை விளக்குப் போட்டுவிட்டுப் போனார். அதைவிடப் பெரிய அதிசயம் ஒன்று நடந்திருந்தது. எனக்குப் பயம் போயிருந்தது. முழுக்க என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் திருப்பத்தை அவ்வளவு நாள் நடந்து நடந்து, நாயின் பெயரைத் தெரிந்துகொண்டு, அதற்குப் பொறை பிஸ்கட் வாங்கிப் போடவும் ஆரம்பித்துவிட்டேன். ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் தனியாகவே நடந்து போய் பஸ் ஏறிப் பார்த்தேன். நாய் பஸ் ஸ்டாப் வரை வந்தது. வீட்டில் சொன்னபோது என் கணவர், "அப்ப இனி நான் பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டாமா?" என்று கேட்டார். அவர் குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது என்று நினைக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று ஆசையாகப் போனேன். பயந்தவள் என்று பெயரெடுத்த தெருவில் ஒரு தடவையாவது தலைநிமிர்ந்து நடக்க வேண்டுமென்று எனக்கும் இருக்காதா? என்ன பேச வேண்டும் என்று பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்துவிட்டேன். நான் எப்படிப் பயந்தேன், எப்படி ஜெயித்தேன், நீங்களும் ஜெயிக்கலாம் என்று உருக்கமாகப் போகும்.

வகுப்பு முடிகிற நேரத்தில் கூடத்து வாசலில் பாஸ்கட்பால் பிள்ளையின் அப்பா வந்து நின்றார். அவரோடு இன்னொரு அப்பா. படம் வரைந்த அன்றைக்குப் போனில் படமெடுத்தவர் அவர்தான். அவர் மகள் பத்தாம் வகுப்பு. சிவப்புப் பொடிக்கு அப்புறம் ட்யூஷனுக்கு நின்றுபோன பிள்ளைகளில் ஒருத்தி. எங்கள் வகுப்புக்கு மட்டும் மறுபடி வர ஆரம்பித்திருந்தாள். ட்யூஷன் மெயின் ரோட்டில், சாயங்காலத்தில். அதற்கு இன்னும் அனுமதி கிடைத்தபாடில்லை.

"எம்பொண்ணு விடுதிக்குப் போயிட்டா. இனி மேடத்த யாரு பஸ் ஏத்திவிடுவான்னு பேசிக்கிட்டு இருந்தோம்" என்றார் பாஸ்கட்பால் பிள்ளையின் அப்பா. சொல்லிவிட்டு மற்றவரைப் பார்க்காமல் என்னை மட்டும் பார்த்தார்.

மற்றவர் சந்தேகப்படுகிற மனிதர். திரும்பித் திருப்பத்தைப் பார்த்தார். புது விளக்கு அங்கே ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருந்தது.

"அதான் லைட்டு போட்டாச்சே. இன்னும் பயமாவா இருக்கு மேடம்?" என்று கேட்டார்.

அவர் மகள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. மடியில் கணக்குப் புத்தகம் இருந்தது, பாயின் கோரையை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். மனப்பாடம் செய்த பேச்சு எனக்குத் தொண்டை வரை வந்து நின்றது.

"இருக்குண்ணே" என்றேன். "நெறையவே இருக்கு."

அவள் எழுந்து செருப்பைத் தேடினாள்.